கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவள்

இடது கைக் கட்டைவிரலால் பெரியவரின் தாடைத் தோலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு, தொண்டைக் குழியிலிருந்து ரேசரை ஏற்றினாள். வாதம் அடித்த பக்கத்துக் கன்னம் தொளதொளவென்று தொங்கும். வாய்க்குள் ஒரு விரலை விட்டு அதை வெளியே தள்ளித்தான் மழிக்க வேண்டும். விரலை விட்டாள். பெரியவர் கடிக்கவில்லை. கடிக்கிற நோயாளிகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இவர் நோயில் விழுந்த பிறகு சாதுவாகிவிட்டவர். சாதுவாகிவிட்டதுதான் அவளுக்கு எரிச்சல்.

கதவோரம் நின்று இரவுக்காரி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரையும் ஒரே ஏஜென்சிதான் அந்த வீட்டுக்கு அனுப்பியிருந்தது; பகல் இவளுக்கு, இரவு அவளுக்கு. பெரியவர் பார்க்காத நேரமாகப் பார்த்து, தன் கழுத்தில் குறுக்காக ஒரு விரலை இழுத்துக் காட்டிக் கண்ணடித்தாள் இரவுக்காரி.

சவரம் முடியும்வரை இவள் முகத்தில் அசைவே இல்லை. துண்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்த பிறகுதான், பின்னாலேயே வந்தவளைப் பிடித்தாள்.

"உனக்கு வாய்தான் ஓட்டைன்னு நெனச்சேன். இப்ப விரலும் ஆரம்பிச்சிருச்சா? அவருக்குப் பேச்சுதான் போச்சு, கண்ணு போகல."

"இல்லக்கா, ரேசர் உன் கையில இருக்கு, அந்த மனுஷன் கழுத்து அதுக்குக் கீழ இருக்கு. நானா இருந்தா என்னை நானே நம்ப மாட்டேன்."

"தொழில்ல கை வைக்க மாட்டேன்."

"கஞ்சியில ஒரு கை உப்பு? அதுகூடவா கூடாது?"

"உப்பு போட்டா அவருக்கு பிரஷர் ஏறும். ஏறினா யாரு கிடந்து சாகறது? நான்தான். பழி வாங்கறேன்னு சொந்த முதுகை ஒடிச்சுக்கச் சொல்றியா? போ, பஸ் போயிடும்."

இரவுக்காரி போகவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இன்னிக்கு மியூசியம் போறீங்கல்ல? நெஜமாவே சொல்ல வெச்சிருவியா, அக்கா?"

"நாளைக்கு வந்து கேளு."

ஏஜென்சியில் அவளுக்குப் பிரேக்கக்கா என்று பெயர். சக்கர நாற்காலியை எங்கே நிறுத்தினாலும் இரண்டு பக்கப் பிரேக்கையும் போட்டு, காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்த பிறகுதான் நோயாளியைத் தொடுவாள். தரை சமமாக இருந்தாலும் அப்படித்தான். அவள் கையில் இருந்த எந்த நோயாளிக்கும் இதுவரை படுக்கைப் புண் வந்ததில்லை. அந்த ஒன்றில்தான் அவளுக்குப் பெருமை. பாசம், தொண்டு என்றெல்லாம் யாராவது பேச ஆரம்பித்தால், பாத்திரம் கழுவ வேண்டியிருக்கிறது என்று எழுந்து போய்விடுவாள்.

அதற்கு முன்னால் அவளுக்கு வேறொரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை வைத்தவர்தான் உள்ளே முகத்தில் சோப்பு மணக்கப் படுத்திருந்தார்.

அப்போது அவளுக்குக் கல்யாண வயது. அம்மா அந்த மியூசியத்தில்தான் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். சொல்லிக் கேட்டு மகளையும் சேர்த்துவிட்டாள். மகளுக்குக் கிடைத்தது பறவைக் கூடம். உள்ளே நுழைந்தாலே அந்துருண்டை வாடை மூக்கில் ஏறும். கண்ணாடிக்குப் பின்னால் பஞ்சு அடைத்த கொக்கும் கழுகும் ஆந்தையும் அவள் எந்தப் பக்கம் போனாலும் அவளையே பார்க்கும். பக்கத்துக் கூடத்தில் கூரையிலிருந்து ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடு தொங்கியது. என்ன துடைத்தாலும் மறுநாள் அதன் விலாவிலிருந்து தூசி கொட்டியிருக்கும். "கடல்ல இருந்தப்ப எவ்வளவு சுத்தமா இருந்திருக்கும், செத்தப்புறம் பாரு என் உசிர வாங்குது" என்று அம்மா திட்டுவாள்.

பறவைக் கூடத்தின் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு முட்டை. உலகத்தில் இப்போது இல்லாமலே போய்விட்ட ஏதோ ஒரு பெரிய பறவையின் முட்டை. தண்ணீர்ப் பானை அளவு இருக்கும். பழுப்பு நிறம். ஊருக்கு யார் பெரிய மனிதர் வந்தாலும் அதைப் பார்க்காமல் போகமாட்டார். பெட்டிக்குப் பூட்டு உண்டு, சாவி பறவைப் பிரிவு அதிகாரியிடம். துடைக்கிறவர்கள் கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடைக்கலாம், அவ்வளவுதான்.

அந்த அதிகாரிதான் இந்தப் பெரியவர். அன்றைக்கு வாரிவிட்ட தலையும் டக்டக்கென்று சத்தம் போடும் பூட்ஸுமாக விருந்தாளியாக வந்த ஓர் அம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார். இவள் மூலையில் முட்டி போட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் பெட்டியைத் திறந்து முட்டையை இரண்டு கையாலும் வெளியே எடுத்தார். "தூக்கிப் பாருங்க, பாக்கத்தான் பெரிசு, காத்து மாதிரி இருக்கும்" என்றார். அந்த அம்மா பயந்து பின்வாங்கினாள். அவர் சிரித்துக்கொண்டே, பந்து மாதிரி, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக் காட்டினார்.

விழுந்த சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. சட்டி உடைகிற சத்தம்தான்.

அவர் தரையைப் பார்த்தார். விருந்தாளியைப் பார்த்தார். அப்புறம் வாளியும் ஈரத்துணியுமாக மூலையில் இருந்தவளைப் பார்த்தார்.

"என்ன பண்ணித் தொலைச்சே?" என்றார்.

விருந்தாளி அம்மா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அவ்வளவுதான் அந்த அம்மாவின் பங்கு.

"சாவி உங்ககிட்டதானே சார் இருக்கு?" என்று இவள் கேட்டாள். அவர் சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

அன்றைக்குக் கூடம் மூடும்வரை, காலிப் பெட்டிக்குப் பக்கத்தில், கையில் வாளியோடு அவளை நிற்க வைத்தார்கள். நாலு பேருக்குப் புத்தி வரட்டும் என்று சொன்னார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். சுற்றிக் காட்டுகிற ஆள் குச்சியை நீட்டி, "இது பெட்டி, இதுக்குள்ள இருந்தது முட்டை, இதோ நிக்கிறாளே முட்டைக்காரி, இவதான் உடைச்சா" என்று ஒவ்வொரு வகுப்புக்கும் சொன்னான். அந்தப் பெயரை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அதிகாரி. ஒரு குட்டிப் பெண் மட்டும் அவளையே உற்றுப் பார்த்துவிட்டு டீச்சரிடம் கேட்டது: "டீச்சர், இவங்களும் பஞ்சு அடைச்சதா?"

மத்தியானம் அம்மா துடைப்பத்தோடு அந்தப் பக்கம் வந்தாள். எதிரே நின்றாள். "கைய ஒழுங்கா வெச்சிருக்கக் கூடாதாடீ?" என்றாள்.

அதிகாரி அடித்ததைவிட அது வலித்தது. அவர் அடிக்கவில்லைதான், பேச்சுக்குச் சொல்கிறேன்.

மகளின் வேலை போயிற்று. அம்மாவின் வேலை போகவில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, அம்மா தொடர்ந்து போனாள். சுண்ணாம்பு மாவில் ஒரு போலி முட்டை செய்து பெட்டிக்குள் வைத்தார்கள். வெளியே பித்தளைச் சட்டத்தில் ஓர் அட்டையைச் செருகினார்கள்: 'இது மாதிரி உருவம் மட்டுமே. மூல முட்டை துப்புரவுப் பணியாளர் ஒருவரின் கவனக்குறைவால் உடைந்தது.' எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த அம்மா, உடம்பில் தெம்பு இருந்தவரை, தினமும் காலையில் அந்தப் பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தாள். சாகப் போகிற நேரத்தில்கூட மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வேணும்னு செய்யலதானே?" என்று கேட்டாள். மகள் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தாள்.

அந்த அட்டை போக வேண்டும். அவர் வாயாலேயே போக வேண்டும். இவ்வளவுதான் அவள் வாழ்க்கையில் மிச்சமிருந்த ஆசை. மற்ற ஆசைகளெல்லாம் வந்ததும் போனதும் அவளுக்கே நினைவில்லை.

நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி எடுத்தாள். எத்தனையோ வீடுகள், எத்தனையோ கட்டில்கள். ஒருநாள் ஏஜென்சி கொடுத்த முகவரிக்கு வந்து கதவைத் தட்டினால், கூடத்துச் சுவரில் ஒரு படம். வாரிவிட்ட தலையோடு ஒருவர் கையில் அந்த முட்டையை ஏந்திக்கொண்டு சிரிக்கிறார். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. முட்டி போட்டுத் துடைக்கிறவளின் முகத்தை யார் பார்த்து வைத்திருக்கப் போகிறார்கள்? வேறு வீடு கொடுங்கள் என்று அவள் கேட்டிருக்கலாம். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்து நிற்கும்போது யாராவது வேறு தெரு வழியாகப் போவார்களா?

மியூசியம் அந்த வீட்டுக்குப் பக்கத்தில்தான், இரண்டு தெரு தள்ளி. சாயங்காலம் காற்றுக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் அவள் நாற்காலியை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுவாள். நாள் வரட்டும் என்று இருந்தாள்.

அந்த நாளுக்கு வேண்டிய ஏற்பாட்டையும் செய்துகொண்டிருந்தாள். பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வருவாள். "வீட்ல நடக்கிற விஷயத்தையே சொல்ல வைங்கக்கா. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னா நாக்கு அதுக்குப் பழகிக்கும். வரலன்னா முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் குடுங்க" என்று சொல்லிக்கொடுத்திருந்தாள். அப்படியிருக்கையில் ஒரு காலை, பெரியவரின் இடது கை பட்டுக் கண்ணாடி டம்ளர் ஒன்று கீழே விழுந்து உடைந்தது. சில்லுகளைப் பொறுக்கி எடுத்தவள் நிமிர்ந்தாள்.

"யார் உடைச்சா, ஐயா?"

"நா... நா..."

அவள் அன்றோடு கண்ணாடி டம்ளரை அவர் பக்கமே வைக்கவில்லை. கேள்வியை மட்டும் வைத்தாள். பல் தேய்த்துவிடும்போது, கஞ்சி ஊட்டும்போது, காலை மடக்கி நீட்டிவிடும்போது. "யார் உடைச்சா, ஐயா?" முதலில் 'நா' வந்தது. அப்புறம் 'நான்' வந்தது. வாரங்கள் போய் ஒருநாள் முழுசாக வந்தது: "நான்... தான்... உடைச்சேன்."

பெரியவரின் மகள் கைதட்டிக் குதித்தாள். "அக்கா, நீங்க மனுஷியே இல்ல, தெய்வம்!" என்றாள். போனில் படம் பிடித்து அண்ணனுக்கு, அத்தைக்கு, சித்தப்பா வீட்டுக்கு, அப்பாவோடு வேலை பார்த்தவர்களுக்கு என்று எல்லாருக்கும் அனுப்பினாள். 'அப்பா டம்ளரை உடைத்துவிட்டு எவ்வளவு அழகாக ஒத்துக்கொள்கிறார் பாருங்கள்' என்று ஒரு வரியும் சேர்த்தாள். பிரேக்கக்கா பக்கத்தில் நின்று வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவளும் பார்த்தாள். அதில் ஒரு ஆபத்து இருப்பது அவளுக்குத் தோன்றவேயில்லை.

மியூசியத்தில் பறவைக் கூடத்துக்குப் பெரியவரின் பெயர் வைக்கப் போவதாகவும், படத்தைத் திறந்து வைக்கப் போவதாகவும் சேதி வந்தது. நாள் வந்துவிட்டது.

அன்றைக்கு அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டாள். வாதம் வந்த கையை முதலில் நுழைத்து, நல்ல கையைப் பிறகு. காற்றுத் தலையணை, உறிஞ்சுகுழல் வைத்த தண்ணீர்ப் புட்டி, மாற்றுத்துணி, எல்லாம் பையில். மகள் முன்னால் நடக்க, நாற்காலியை இந்த முறை அவள் எதிர்ப்பக்கம் திருப்பவில்லை. நடைபாதை ஓரத்தில் இறங்கும்போது நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி, தன் தொடையில் பாரத்தைத் தாங்கி இறக்கினாள். பழிக்குக் கொண்டு போகிற ஆளாக இருந்தாலும் குலுங்காமல் கொண்டு போக வேண்டும்.

உள்ளே அதே அந்துருண்டை வாடை. அதே திமிங்கலம், அதே தூசி. விழாவுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். மகளை யாரோ பேச்சுக் கொடுத்து அழைத்துப் போக, இவள் நேராகப் பெட்டிக்குப் போனாள். பிரேக்கைப் போட்டுத் தட்டினாள். பித்தளைச் சட்டம் அங்கேயே இருந்தது. உள்ளே இருந்த அட்டையை மட்டும் புதிதாக அச்சடித்துச் செருகியிருந்தார்கள். வாசகத்தில் ஒரு எழுத்து மாறவில்லை.

பக்கத்தில் ஒரு குண்டான பெண் துணியோடு வந்து கண்ணாடியில் இருந்த கைரேகையைத் துடைத்தாள். பிரேக்கக்கா அட்டையையே பார்ப்பதைக் கவனித்துவிட்டாள்.

"முட்டைக்காரி கதை தெரியுமாக்கா உங்களுக்கு?"

"சொல்லு."

"இங்க துடைப்பத்தைத் தொடறதுக்கு முன்னாடியே அதைத்தான் சொல்லிக் குடுப்பாங்க. யாரோ ஒருத்தி, கையில எதுவும் நிக்காதவ போல, முட்டைய உடைச்சுட்டா. அன்னிலேருந்து எங்க யாரையும் நம்ப மாட்டாங்க. ஒரு பல்பு ஃப்யூஸ் ஆனாக்கூட எங்களைத்தான் முதல்ல பாப்பாங்க. அவ மட்டும் என் கையில கெடைச்சா..."

"கெடைச்சா?"

"என்ன செய்ய, பாவம், கெழவியா இருப்பா. ஒரு வாளித் தண்ணிய தலையில ஊத்தி விட்டுருவேன்."

"உங்க வேலை காலைல எப்ப ஆரம்பிக்கும்?"

"கூடம் திறக்கறதுக்கு முன்னாடி. பின்வாசல் வழியா வருவோம். எதுக்கு?"

"சும்மா கேட்டேன்."

அந்தப் பெண் நகர்ந்ததும் பிரேக்கக்கா குனிந்து பெரியவரின் காதுக்கு அருகில் பேசினாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும்.

"ஐயா, இந்த இடம் தெரியுதா? பெட்டி தெரியுதா? அன்னிக்கு இதோ இந்த மூலையில ஒருத்தி முட்டி போட்டுத் தொடைச்சுக்கிட்டு இருந்தா. சாவி உங்ககிட்டதானேன்னு கேட்டா. நீங்க பைக்குள்ள போட்டுக்கிட்டீங்க. அந்த முட்டைக்காரி நான்தான்."

பெரியவரின் இடது கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. கண் அவளிடம் வந்தது. முதல் முறையாக, அவள் முகத்தைப் பார்த்தது.

"மைக் தருவாங்க. என்ன சொல்லணும்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

பேச்சுகள் நடந்தன. நேர்மை என்றார்கள், அர்ப்பணிப்பு என்றார்கள். திரையை இழுத்தார்கள்; முட்டையோடு சிரிக்கிற அதே படம், பெரிதாக. இப்போதைய அதிகாரி மைக்கைப் பெரியவரின் வாயருகே கொண்டுபோய், "ஐயா, எங்களுக்காக ஒரு ரெண்டு வார்த்தை" என்றார்.

பெரியவரின் வாய் கோணிக்கொண்டு அசைந்தது.

"நான்... தான்... உடைச்சேன்."

பிரேக்கக்காவின் கை நாற்காலியின் பின்பிடியில் இருந்தது. இதோ, இதோ என்று இருந்தாள். நாலைந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குள் மகள் சிரித்துக்கொண்டே எழுந்து மைக்கை வாங்கிவிட்டாள். "மன்னிச்சுக்கோங்க! இது அப்பாவோட டம்ளர் வாக்கியம். வீட்ல டம்ளரை உடைச்சப்போ எங்க அக்கா சொல்லிக் குடுத்தது. இப்ப எதுக்கெடுத்தாலும் இதான். உங்கள்ல நிறையப் பேருக்கு வீடியோகூட அனுப்பினேனே!"

"ஆமாமா, பாத்தோம்!" என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார். கூடமே சிரித்தது. கைதட்டல் எழுந்தது. பெரியவர் மறுபடியும் சொன்னார். இன்னும் உரக்கச் சொன்னார். கைதட்டலும் இன்னும் உரக்க எழுந்தது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது.

"இந்த நோய்ல அழுகை சும்மாவே வரும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. அக்காவும் சொல்லுவாங்க, இல்லக்கா?" என்று மகள் இவள் பக்கம் திரும்பினாள்.

சொல்லியிருக்கிறாள்தான். மகள் பயந்துவிடக் கூடாதென்று அவளேதான் சொல்லியிருக்கிறாள். எல்லார் முன்னாலும் தலையாட்ட வேண்டியிருந்தது.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். மாதக்கணக்காகத் தீட்டிய கத்தியை அவளே டம்ளரில் தேய்த்து மழுக்கியிருக்கிறாள். தீனி போட்டு வளர்த்த கிளி சொன்னால் யார் சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள்? அதைவிடப் பெரிய முள் ஒன்றும் உள்ளே குத்தியது. தெரிந்துதான் சொன்னாரா, இல்லை, நாக்கு பழக்கத்தில் சொன்னதா? அவளுக்கே தெரியவில்லை. பிஸ்கட்டும் தேநீரும் சுற்றி வந்தன. அவள் அவருடைய வாயைத் துடைத்துவிட்டு, குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "இது கணக்குல சேராது, ஐயா."

சாயங்காலம் வீட்டில் மகள் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, ஐயா கூட்டத்துல ஒண்ணையுமே பாக்கல. நாளைக்குக் காலைல கூட்டம் இல்லாதப்ப ஒரு சுத்து சுத்திக் காட்டிட்டு வரட்டுமா?" என்று பிரேக்கக்கா கேட்டாள்.

"உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசுக்கா!"

"பாட்டில்ல தண்ணி ரொப்பணும்" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை இரவுக்காரி கேட்பதற்கு முன்பே, "இன்னும் முடியல, வாயை மூடு" என்றாள். அவரைக் குளிப்பாட்டினாள். மழித்தாள். கஞ்சி ஊட்டினாள். அன்றைக்கு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அவரும் அவள் கையைப் பார்ப்பதும் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்.

பின்வாசலில் குண்டுப் பெண் நின்றிருந்தாள். "அட, நெஜமாவே வந்துட்டீங்களா? சீக்கிரம் உள்ள வாங்க, யாராவது பாத்தா எங்களைத்தான் கடிப்பாங்க" என்று கதவைத் திறந்து பிடித்தாள். உள்ளே இன்னும் சில பெண்கள். ஒல்லியான ஒருத்தி வாளியில் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். திமிங்கலத்தின் கீழே ஒருத்தி தூசியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நேற்றைய படத்தைப் பார்த்தபடி பிரேக்கக்கா நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். பிரேக். ஒரு தட்டு.

"கொஞ்சம் இங்க வாங்க எல்லாரும். ஐயா ஒண்ணு சொல்லணும்."

துடைப்பமும் வாளியுமாக வந்து நின்றார்கள்.

"யார் உடைச்சா, ஐயா?"

"நான்... தான்... உடைச்சேன்."

ஒல்லிப் பெண் வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தாள். "டம்ளரைத்தானே? நேத்து மைக்ல கேட்டோமே!"

பிரேக்கக்கா சிரிக்கவில்லை. பெரியவரின் எதிரே வந்து, அவர் கண்ணுக்கு நேராகக் குனிந்தாள்.

"எதை உடைச்சீங்க?"

இந்தக் கேள்வியை அவள் எப்போதும் கேட்டதில்லை. இதற்குப் பதில் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. பெரியவரின் உதடு துடித்தது. "ட..." என்றது. "டம்..." என்றது. பழகிய நாக்கு பழகிய இடத்துக்கே ஓடியது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நெற்றியில் வியர்த்தது.

அவள் வாயில் அந்த முதல் எழுத்து தயாராக நின்றது. தடுமாறுகிறவருக்கு எடுத்துக்கொடுப்பது இத்தனை நாள் பழக்கம், யோசிக்காமல் வந்துவிடும். கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். எடுத்துக்கொடுத்தால் அது அவள் சொன்னது. அவர் சொன்னதாகாது. பிழிந்த துணியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வாளிக்குள் விழுந்துகொண்டிருந்தது. ஒருத்தி இருமினாள். அவள் உதட்டை விடவில்லை.

பெரியவர் இடது கையைத் தூக்கினார். விரல் கண்ணாடியைத் தொட்டது.

"மு... முட்டை."

யாரும் சிரிக்கவில்லை.

விரல் கண்ணாடியை விட்டு அவள் பக்கம் திரும்பியது. "இவ... இல்ல" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கி, இன்னொரு முறை: "இவ இல்ல."

குண்டுப் பெண் அவரைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், பிரேக்கக்காவைப் பார்த்தாள். "அக்கா... அது நீங்களா?" என்றாள்.

"வாளித் தண்ணிய ஊத்தறதுன்னா ஊத்து. ஐயா மேல தெறிக்காம ஊத்து. சளி பிடிச்சுக்கும்."

"அடப் பாவி மனுஷா!" என்றாள் அவள். அது பெரியவருக்கு.

பிரேக்கக்காவுக்கு அழுகை வரவில்லை. எல்லாரும் வருமென்று நினைத்து அவள் முகத்தையே பார்த்தார்கள். வந்தது கோபம்தான். இந்த இரண்டு வார்த்தைக்கா இத்தனை வருஷம்? அம்மா இருந்தபோது இந்த நாக்கு நன்றாகத்தானே வேலை செய்துகொண்டிருந்தது? அப்போது ஒரு பயிற்சியும் வேண்டியிருக்கவில்லையே!

குண்டுப் பெண் துணியால் பித்தளைச் சட்டத்தை ஒரு துடை துடைத்தாள். துடைத்த வேகத்தில் அட்டை பக்கவாட்டில் நழுவிக் கீழே விழுந்தது. ஒல்லிப் பெண் அதைத் திமிங்கலத்தின் தூசியோடு சேர்த்து முறத்தில் வாரினாள்.

"கேட்டா என்னடி சொல்லுவே?" என்றாள் ஒருத்தி.

"துப்புரவுப் பணியாளர் கவனக்குறைவுன்னு சொல்றது. அவங்களே எழுதி வெச்சதுதானே?"

புது அட்டை வந்தாலும் விழும் என்று அவர்களுக்குள் பேச்சு முடிந்தது.

"ஐயாவைக் கூட்டிட்டுப் போயிடறீங்களாக்கா? திறக்கற நேரம் ஆச்சு" என்றாள் குண்டுப் பெண்.

"இல்ல. திறக்கட்டும். பள்ளிக்கூடப் புள்ளைங்க வரட்டும்."

நாற்காலியைக் காலிச் சட்டத்துக்குப் பக்கத்தில், வாசலைப் பார்த்தபடி திருப்பினாள். பிரேக்கைப் போட்டாள். தட்டிப் பார்த்தாள். அவர் இடுப்பைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்த்து, காற்றுத் தலையணையைச் சரிசெய்தாள். நெடுநேரம் உட்கார வேண்டியிருக்கும். உட்கார்ந்த இடத்தில் புண் வந்துவிடக் கூடாது. உறிஞ்சுகுழலை உதட்டில் வைத்தாள். அவர் குடித்தார். வாசலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"போ... தும்" என்றார்.

அந்த வார்த்தையையும் அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"இன்னும் இல்ல, ஐயா" என்று சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டாள். வெளியே பஸ் வந்து நிற்கும் சத்தமும், பிள்ளைகள் இறங்கும் சத்தமும் கேட்டன. அவள் நாற்காலிக்குப் பின்னால் போய், இந்த முறை கையில் வாளி இல்லாமல், நின்றுகொண்டாள்.